நெமோச் திட்டில் குளிக்கப் போனவர்கள்

நெமோச் பவளத்திட்டின் நாலு மூலையிலும் கம்பு நட்டு, ஒவ்வொரு கம்பின் தலையிலும் தென்னங்கீற்றைக் கட்டியவன் தொசிவோதான். தம்பி கிமுவோவைப் புதைத்த மூன்றாம் நாள், மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் படகில் போய்த் தன் கையாலேயே கட்டிவிட்டு வந்தான். கீற்று கட்டிய திட்டில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது, சிப்பி பொறுக்கக் கூடாது, வலையை நனைக்கக் கூடாது. ஈரப்பலாவின் பெரும்பருவம் வந்து, செத்தவன் பேரில் விருந்து வைத்து, குடும்பத்து மூத்த ஆண் போய்க் கீற்றை அவிழ்க்கிற வரைக்கும் திட்டும் துக்கம் காக்கும். பசிபிக் கடல் நடுவே சூக் காயலில், வயலும் தோப்பும் போலத் திட்டுகளுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. நெமோச், தோனோவாஸ் தீவில் வாழும் தொசிவோவின் தங்கை சினாக்கோவின் தாய்வழிச் சொத்து. தாய்க்குப் பிறகு அவளுக்கும் அவள் அண்ணன் தம்பிகளுக்கும்.

கட்டி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. கட்டினவனே அவிழ்க்கப் போகிறான் என்ற செய்தி வந்தது.

கொண்டுவந்தவள் நெய்ச்சி. சினாக்கோவுக்குச் சித்தி மகள். வாய்க்கு வரி கட்ட வேண்டியிருந்தால் வருஷத்துக்கு ஒரு தோப்பை விற்க வேண்டியவள். சினாக்கோ அப்போது குழிக்குள் குனிந்து, போன பருவத்தில் புதைத்துப் புளிக்க வைத்த ஈரப்பலாவைத் தோண்டிக்கொண்டிருந்தாள். அந்த வாடையில் வேற்றூர்க்காரன் நாலடி தள்ளி நிற்பான். நெய்ச்சி குழியோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒங்க அண்ணன் வீட்டு வாசல்ல புதுப் படகு இன்ஜின் நிக்குது, பாத்தியா? நாப்பது குதிரை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல. மாப்பிள்ளை மாதிரி மரத்துல சாய்ஞ்சு நிக்குது."

"எங்கேருந்து வந்துச்சு?"

"டைவிங் கம்பெனி அனிசெட்டோ கொண்டாந்து எறக்கினான்."

"சும்மாவா?"

"அவன் சிரிச்சாலே ரசீது குடுத்துட்டுத்தான் சிரிப்பான். சும்மா எறக்குவானா?"

விஷயம் இதுதான். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து காயலின் அடியில் போய்ப் படுத்த ஜப்பான்காரன் கப்பல்களில் ஒன்று நெமோச் திட்டின் சரிவில் சாய்ந்து கிடக்கிறது. குண்டு விழுந்த வாரம் பிப்ரவரியில் வருகிறது. அந்த வாரத்தில் அந்தக் கப்பலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று பூமியின் மறுபக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் ஒரு வருஷம் முன்னாலேயே பதிந்துவைத்திருந்தார்கள். கிமுவோ ஜனவரியில் சாவான் என்று கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. கிமுவோவுக்கும் தெரியாது.

சினாக்கோ கையைக் கழுவினாள். வாடை போகவில்லை. "இருபத்திரெண்டு வருஷம் அவங்களுக்குக் கப்பல் காட்டினவன்டீ அவன். அவன் துக்கத்தையே கழட்டி வெச்சுட்டு உள்ள எறங்குவாங்களா?"

நெய்ச்சி எழுந்து குழியை மூட ஆரம்பித்தாள்.

கிமுவோ இளவட்டத்தில் அந்தக் கப்பலின் குண்டுகளைக் கீறி மருந்தெடுத்து மீனுக்கு வெடி செய்தவன். ஒரு வெடி அவசரப்பட்டதில் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. பிறகுதான் சிலிண்டரை மாட்டிக்கொண்டு வழிகாட்டி ஆனான். விரல் எங்கே என்று விருந்தாளிகள் கேட்டால் சுறா என்பான். "வெடின்னு சொன்னா பாவம் பாப்பாங்க, சுறான்னு சொன்னா டிப்ஸ் குடுப்பாங்க," என்று வீட்டில் வந்து சொல்லுவான். காலில் சர்க்கரைப் புண் வந்து, அது மேலே ஏறி, ஜனவரியில் ஒரு நாள் காய்ச்சலில் பேச்சுக் குழறியது. மத்தியானம் படகில் கிடத்தி வேனோ தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதிக் காயலில் பழைய இன்ஜின் நின்றுவிட்டது. மழை. தொசிவோ இரண்டரை மணி நேரம் இன்ஜின் கயிற்றை இழுத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறோடு வந்தது. கடைசியில் வேறொரு படகு கட்டி இழுத்துப் போனது. மறுநாள் காலை கிமுவோ போய்விட்டான்.

அதற்கப்புறம் தொசிவோவின் வலது கை சும்மா இருக்கும்போதும் எதையோ பிடித்து இழுக்கிற மாதிரி மடங்கி நீளும். சினாக்கோ அதைப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் இன்ஜின் என்றதும் அவளால் அண்ணனை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

சாவு வீட்டுக்கு எல்லாத் தீவிலிருந்தும் ஆள் வந்தது. அரிசி மூட்டை, டின் கோழி, டின் மீன், சவப்பெட்டிக்குள் வைக்கப் பூத்தையல் போட்ட பாவாடைத் துணிகள். ஏழை வீட்டுக்காரி ஒருத்தி ஒரே ஒரு சோப்புக்கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். கம்பெனி ஒரு பிளாஸ்டிக் மலர்வளையம் அனுப்பியது. அதில் கிமுவோவின் பெயரைவிடக் கம்பெனியின் பெயர் பெரிசாக இருந்தது. கூட வந்த இரண்டு பேர் இரண்டு தரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

*

திங்கட்கிழமை அனிசெட்டோ வம்சக் கூடத்துக்கு வந்தான். வேனோ தீவுக்காரன். காலர் வைத்த சட்டை, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. தொசிவோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அண்ணனோ தம்பியோ உட்கார்ந்திருக்கும் இடத்தில் கூடப்பிறந்தவள் நிமிர்ந்து நடக்கக் கூடாது. அவள் தலை அவன் தலைக்கு மேலே போகக் கூடாது. ஐம்பத்து மூன்று வயசு முழங்காலை வைத்துக்கொண்டு சினாக்கோ வாசலிலிருந்தே தவழ்ந்து வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த மரியாதையில் அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அண்ணன் சொல்லுக்குச் சபையில் எதிர்ச்சொல் சொன்னதும் கிடையாது.

அனிசெட்டோ சந்தைக்காரன். விலை படியாது என்று தெரிந்த இடத்தில் முதலில் உறவைப் போடுவான். அக்கா என்று ஆரம்பித்தான். கிமுவோ தனக்கு அண்ணன் மாதிரி என்றான். அவன் இல்லாத கப்பல் கப்பலே இல்லை என்றான். அந்த வாரம் விருந்தாளிகள் கப்பலுக்குள் இறங்கும்போது அவன் நினைவாக ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பார்கள் என்றும் சொன்னான்.

"தண்ணிக்கடியில அசையாம நிக்கிறதுக்கு அவ்வளவு தூரத்துலேருந்து வர்றாங்களா?" என்றாள் நெய்ச்சி. கூடத்தின் பின்பக்கம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அனிசெட்டோ சிரித்தான். ரசீது கொடுத்துவிட்டுத்தான் சிரித்தான். "அக்கா, நியாயத்தைப் பேசுவோம். கப்பல் யாரோடது? அரசாங்கத்தோடது. திட்டு யாரோடது? ஒங்களோடது. அதுல ஒரு சந்தேகமும் இல்ல. எங்க ஆளுங்க திட்டு மேல கால்கூட வைக்க மாட்டாங்க. கப்பலைப் பாத்துட்டு ஏறி வந்துருவாங்க."

"அப்போ அரசாங்கத்துக்கிட்ட சொல்லி அதோட கப்பலைத் தூக்கிட்டுப் போகச் சொல்லு. எண்பது வருஷமா எங்க எடத்துல படுத்துக் கெடக்கு. வாடகைகூடக் கேக்கல."

"நெய்ச்சி," என்றான் தொசிவோ. அவள் அடங்கினாள்.

"அக்கா, கீத்து எதுக்குக் கட்டுறோம்? யாரும் எதையும் எடுக்கக் கூடாதுன்னுதானே? எங்க ஆளுங்க ஒரு சிப்பி எடுக்குறாங்களா? ஒரு மீன் எடுக்குறாங்களா? கண்ணால பாக்குறாங்க, அவ்வளவுதான் அக்கா. பாத்தா என்ன கொறையும்?"

பார்க்கிறதுக்குத்தானே காசு வாங்குகிறாய், ஒன்றுமே எடுத்துப்போகாதவன் எதுக்குக் காசு கொடுக்கிறான் என்று சினாக்கோவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். கப்பல் வேறு திட்டு வேறு என்கிறவன் ஒருநாளாவது கண்ணைத் திறந்துகொண்டு கீழே இறங்கியிருக்கிறானா என்று மட்டும் நினைத்தாள். அவள் இறங்கியிருக்கிறாள்.

எட்டு வருஷம் முன்னால் கிமுவோதான் அடம்பிடித்தான். ஊரான் எல்லாம் பார்த்தாயிற்று, சொந்தக்காரி பார்க்கவில்லையே என்றான். ஆனால் தம்பியே ஆனாலும் அக்கா இடுப்பில் பெல்ட் மாட்ட முடியுமா? அவன் படகின் மூக்கில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பெண்டாட்டிக்குச் சொல்ல, பெண்டாட்டி மாட்டிவிட்டாள். "மூச்சை அடக்கக் கூடாதுன்னு சொல்லு." "மூச்சை அடக்கக் கூடாதாம்." "பயந்தா என் முகத்தைப் பாக்கச் சொல்லு." "பயந்தா அவர் மூஞ்சியைப் பாக்கணுமாம், பாத்தா இன்னும் பயமா இருக்கும்." இப்படி உள்ளே போனாள்.

முதலில் பாய்மரம் மாதிரி ஒன்று வந்தது. அதன் மேல் மஞ்சளும் ஊதாவுமாக மெத்துமெத்தென்று பவளம். கீழே பக்கவாட்டில் சாய்ந்த கப்பல். இரும்பு எங்கே என்று தேடினாள். கைப்பிடிச் சுவரில் இரும்பில்லை, பவளம் இருந்தது. பீரங்கியின் வாயில் குண்டில்லை. கடற்பூ ஒன்று விரலை விரலை அசைத்தது. கப்பலின் வால் எங்கே முடிகிறது, திட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று தடவிப் பார்த்தும் தெரியவில்லை. ஒரு அறையில் சோற்றுக் கிண்ணங்கள் அடுக்குக் கலையாமல் இருந்தன. கிமுவோ ஒன்றை எடுத்துக் காட்டி, வண்டல் படிந்திருந்த அதே வட்டத்தில் திருப்பி வைத்தான். எந்த விருந்தாளியையும் ஒன்றையும் எடுக்க விட்டதில்லை அவன்.

நடுவில் ஒரு கூத்து. அவள் மிதந்துகொண்டிருந்தாள், அவன் கொஞ்சம் கீழே. பார்த்தால் இவள் தலை அவன் தலைக்கு மேலே. பதறிப்போய் அவனுக்குக் கீழே இறங்கினாள். அக்கா இறங்குகிறாளே, என்ன ஆயிற்றோ என்று அவன் இன்னும் கீழே போனான். இவள் அதற்கும் கீழே. இப்படி மாறி மாறி மரியாதை செய்துகொண்டே இரண்டு பேரும் பாதாளத்துக்குப் போயிருப்பார்கள். சட்டென்று அவனுக்குப் புரிந்தது. வாயில் குழாயோடு சிரித்தான். குமிழ் குமிழாக அவ்வளவு சிரிப்பு மேலே போயிற்று. பிறகு அவளுக்கு மேலே ஓராள் உயரத்தில் போய் நின்றுகொண்டு, அந்த மூன்று விரல் கையால், வா என்று காட்டினான்.

"அக்கா என்ன சொல்றீங்க?" என்றான் அனிசெட்டோ.

சினாக்கோ தலையைக் குனிந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எடுக்காம போனா போகலாம். அப்படித்தானே தம்பி?"

"அப்படித்தான் அக்கா."

"யாரு போனாலும்?"

"யாரு போனாலும். எதையும் எடுக்காம போனா என்ன தப்பு?" அனிசெட்டோ தொசிவோவைப் பார்த்தான். தொசிவோ தலையாட்டினான். கூடமே அதைப் பார்த்தது. புதன்கிழமை காலை கீற்றை அவிழ்ப்பதென்று பேச்சு முடிந்தது.

வெளியே வந்ததும் நெய்ச்சி பொரிந்தாள். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லையா, தவளை மாதிரி குனிந்து உட்கார்ந்து சரி சரி என்றாயே என்றாள். சினாக்கோ, எனக்கே இன்னும் தெரியவில்லை, ஆனால் அவன் வாயால் வந்ததை வாங்கி வைத்திருக்கிறேன், எதற்காவது உதவும் என்றாள்.

உதவியது மறுநாள் காலை. ஓடைக்கரையில் ஏழெட்டுப் பெண்கள் துவைத்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். பாதையில் இருமல் சத்தம் கேட்டது. நெய்ச்சியின் தம்பி முறைக்காரன் ஒருத்தன், தோளில் வாழைத்தாரோடு. அக்கா தங்கை முறைப் பெண்கள் குளிக்கிற பக்கம் ஆண்பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் சத்தம் போடாமல் திரும்பி, அவ்வளவு பாரத்தோடு மலையேறிச் சுற்றிக்கொண்டு போனான். தெரிந்த விஷயம்தான், தினமும் நடக்கிறதுதான். சினாக்கோ கையில் சோப்போடு அவன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெய்ச்சி, கம்பெனிப் படகுல வழிகாட்டிங்க எத்தனை பேரு?"

"நாலு பேரு. எல்லாம் கிமுவோ பழக்கிவிட்டவனுங்க. ரெண்டு பேரு நம்ம குலம், எனக்குத் தம்பி முறை. ஒருத்தன் இங்க துவைச்சுக்கிட்டிருக்க ஒலிம்பியாவோட கூடப்பொறந்தவன். இன்னொருத்தன் ஃபெஃபன் தீவு, அந்தா குளிக்கிற எர்மினாவுக்குப் பெரியம்மா மகன். ஏன்?"

"நாளைக்கு எங்க குளிக்கப் போறோம்னு யோசிச்சேன்."

நெய்ச்சிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் ஓடைக்கரைக் கோழிகள் சிதறின.

*

புதன்கிழமை விடிந்ததும் ஏழு பெண்கள் இரண்டு தோணிகளில் கிளம்பினார்கள். வடகிழக்குக் காற்று முகத்தில் அறைந்தது. துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் கழன்றது. கூடவே துணி மூட்டை, அலுமினியச் சட்டி, தேங்காயெண்ணெய், சோப்பு. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காதே என்று எர்மினா கேட்டாள். அழுக்குப் போகவா போகிறோம் என்றாள் நெய்ச்சி. கீற்றுக் கம்புகள் காற்றில் வளைந்து வளைந்து நிமிர்ந்தன. கப்பலின் தலைக்கு நேர் மேலே கம்பெனியின் ஆரஞ்சு மிதவை ஆடிக்கொண்டிருந்தது. படகு கட்டுகிற கயிறு அதில்தான். அதை ஒட்டியே திட்டின் தலையில் கழுத்தளவுத் தண்ணீரில் கொஞ்சம் மணல் தரை. தோணிகளை மிதவையில் கட்டிவிட்டு ஏழு பேரும் மணலில் இறங்கினார்கள். ஒருத்தியும் பவளத்தில் கால் வைக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு இரண்டு படகுகள் வந்தன. முன்னால் தொசிவோ, தனியாக, புது இன்ஜினோடு. பின்னால் கம்பெனிப் படகு. பத்து விருந்தாளிகள், ரப்பர் உடையை இடுப்பு வரை ஏற்றியிருந்தார்கள். சிலிண்டர்கள் வரிசையாக நின்றன.

தொசிவோ கம்பைப் பார்த்தபடி வந்தவன், கம்புக்குப் பக்கத்தில் ஏழு ஈரத்தலைகளைப் பார்த்தான். ஒருத்தி தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி பாவாடையைத் தோணி விளிம்பில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் சட்டென்று நின்றது. அவன் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். பின்னால் வந்த படகில் நாலு வழிகாட்டிகளும், யாரோ கயிற்றால் இழுத்த மாதிரி, ஒரே நேரத்தில் திரும்பினார்கள். படகோட்டியும் திரும்பினான். ஓட்டுகிறவன் திரும்பிய படகு எங்கே போகும்? அது அப்படியே கிடந்து ஆடியது.

"சினாக்கோ. என்ன இது?" தொசிவோ தூரத்துத் தீவிடம் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"குளிக்கிறோம் அண்ணே."

"இத்தனை தூரம் வந்தா?"

"ஓடையில தண்ணி கலங்கிக் கெடக்கு."

"திட்டு அடைச்சிருக்கு. நான் கட்டின கீத்து."

"அண்ணன் கட்டினதுதான். நாங்க ஒரு சிப்பிகூட எடுக்கல. எடுக்காம போனா யாரும் போகலாம்னு கூடத்துல முடிவாச்சு. அண்ணனும் தலையாட்டினீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். அலை வாயில் அடித்தது; துப்பிவிட்டுச் சொன்னாள். "அண்ணன் படகுல ஒசரத்துல இருக்கீங்க. என் தலை தண்ணி மட்டத்துல இருக்கு. மரியாதையில எங்கேயாவது குறை இருந்தா சொல்லுங்க, இன்னும் முங்கிக்கிறேன்."

 தொசிவோவின் முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது.

அனிசெட்டோ படகின் முன்னால் வந்து நின்றான். அவன் திரும்பவில்லை. வேனோவில் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவன், தனக்கு இங்கே யார் அக்கா யார் தங்கை என்று நினைத்தானோ என்னமோ. "வழியை விடுங்க. மிதவை கம்பெனியோடது," என்றான்.

"தம்பி," என்றாள் சினாக்கோ, "முந்தாநேத்து கூடத்துல என்னை எத்தனை தரம் அக்கான்னு கூப்பிட்ட?"



"நான் எண்ணினேன். பதினோரு தரம்," என்றாள் நெய்ச்சி. "பதினோரு தரம் அக்கான்னுட்டு, அக்கா குளிக்கிறதை நின்னு பாக்குறான் பாருங்க. ஒங்கம்மா எந்த ஊரு தம்பி? சொல்லி அனுப்பணும்."

திரும்பி உட்கார்ந்திருந்த வழிகாட்டிகளில் ஒருத்தனின் தோள் குலுங்கியது. அனிசெட்டோ கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் பார்த்தான். அது போதாது என்று அவனுக்கே தெரிந்தது. மெல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு, அவனும் திரும்பினான்.

இப்போது காயலில் விருந்தாளிகள் பத்துப் பேர் மட்டும்தான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கேமராவைத் தூக்கினார். முதுகைக் காட்டியிருந்த ஃபெஃபன்காரன் பின்பக்கமாகவே கையை நீட்டி, தடவி, கண்ணாடி வாயை உள்ளங்கையால் மூடினான். "என் அக்கா," என்றான் அவர்கள் பாஷையில். அதற்குமேல் அவன் விளக்கவில்லை. வழிகாட்டி இறங்காமல் விருந்தாளி இறங்கக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம்.

அனிசெட்டோ கடலைப் பார்த்துக்கொண்டு பேசினான். நாளைக்கு வேறு தீவிலிருந்து ஆள் கொண்டுவருகிறேன், உங்களுக்கு ஒட்டும் உறவும் இல்லாத ஆளாகக் கொண்டுவருகிறேன் என்றான்.

"கொண்டா," என்றாள் சினாக்கோ. "எந்தத் தீவுலேருந்து கொண்டாந்தாலும் அவன் ஒரு தாய் வயித்துலதானே பொறந்திருப்பான்? அவன் குலத்துப் பொண்ணு ஒருத்தி தோனோவாஸ்ல இருப்பா. நாளைக்கு அவளும் இங்க குளிப்பா. ஈரப்பலா பழுக்குற வரைக்கும் குளிப்போம்."

"அப்போ இன்ஜினை எறக்குங்க," என்றான் அனிசெட்டோ தொசிவோவைப் பார்த்து. பார்த்து என்றால், தொசிவோ இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டி. "பேச்சு முறிஞ்சுபோச்சு பெரியவரே. நான் திருப்பி எடுத்துக்கிறேன்."

தொசிவோவின் வலது கை தானாக நீண்டு இன்ஜினின் தலையில் படிந்தது. சினாக்கோ அந்தக் கையைப் பார்த்தாள். குரல் அவளுக்கே தெரியாமல் உயர்ந்தது.

"எந்த இன்ஜின்? என் தம்பி சாவுக்கு எல்லாத் தீவும் வந்துச்சு. ஒண்ணுமில்லாதவ ஒரு சோப்புக்கட்டி கொண்டாந்தா. இருபத்திரெண்டு வருஷம் அவனை எறக்கி ஏத்தின கம்பெனி பிளாஸ்டிக் பூ கொண்டாந்துச்சு. சாவுக்கு வெறுங்கையோட வந்தமேன்னு வெக்கப்பட்டு, பொறகு கம்பெனி குடுத்த சாவுச் சீருதான் அந்த இன்ஜின்னு நாங்க ஊருக்குச் சொல்லிக்கிறோம். ஒனக்கும் கௌரவம். இல்ல, சாவுச் சீரைத் திருப்பிக் கேட்டான்னு சொல்லச் சொன்னாலும் சொல்றோம். எது வேணும் தம்பி?"

 ஒரு வழிகாட்டி, திரும்பாமல், "அக்கா சொல்றது சரிதான்," என்றான். இன்னொருத்தன், "கிமுவோ அண்ணன்தான் எனக்கு மூச்சு விடவே சொல்லிக்குடுத்தாரு," என்றான். படகோட்டி இன்ஜினைக் கிளப்பினான். முதுகைக் காட்டிக்கொண்டே, தோளுக்கு மேல் கண்ணைத் திருப்பாமல், அந்தப் படகைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோன லாகவத்தை நெய்ச்சி பிறகு பல வருஷம் நடித்துக் காட்டுவாள்.

தொசிவோவின் படகு கொஞ்ச நேரம் கிடந்தது. கீற்றுக் கம்பு அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. காற்றில் ஒரு முடிச்சுத் தளர்ந்து கீற்று சரிந்திருந்தது. அவன் பெண்கள் பக்கம் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினான்.  அவன் அந்த முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டு, இன்ஜினை ஒரே இழுப்பில் கிளப்பிக்கொண்டு போனான்.

*

கரைக்கு வந்தபோது ஏழு பேருக்கும் உதடு நீலம் பாரித்திருந்தது. விரல் நுனியெல்லாம் சுருங்கிக் கிழவிக் கை ஆகியிருந்தது. தொசிவோ தென்னை மரத்தடியில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் புளித்த ஈரப்பலாவைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து இலையில் வேகவைத்த பொட்டலங்கள், சூடாக, ஏழு. டின் மீன் இரண்டு, திறந்து வைத்திருந்தான்.

சினாக்கோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து வந்து, அவனுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்தாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். சூடு கையிலிருந்து தோள் வரைக்கும் ஏறியது. அவன் பேசுவான் என்று காத்திருந்தாள். திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

"நாளைக்கும் அவன் ஆள் கொண்டாருவான்," என்றான் தொசிவோ.

"வரட்டும்."

"மறுபடி போவீங்க."

"போவோம் அண்ணே."

அவன் மரத்தடியில் சாய்த்து வைத்திருந்த இன்ஜினைப் பார்த்தான். அவன் வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. "துடுப்புப் போட்டுக்கிட்டு அந்தக் காத்துல போய்ச் சேரவே உயிர் போயிரும். தோணியை என் படகுல கட்டுங்க, இழுத்துட்டுப் போறேன்."

சினாக்கோ கையிலிருந்த பொட்டலத்தை மடியில் வைத்தாள்.

"கயிறு மட்டும் நீளமா இருக்கணும்," என்றான் அவன். "நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

மறுநாள் கயிறு ஐம்பது ஆள் நீளம் இருந்தது. முன்னால் தொசிவோ, கண்ணை நேராகக் காயலில் நட்டுக்கொண்டு. வெகுதூரம் பின்னால் நாலு தோணிகளில் பத்தொன்பது பெண்கள், மூட்டையும் சட்டியும் சோப்புமாக. மூன்று தீவின் குலங்கள் அதில் இருந்தன. பாதி வழியில் நெய்ச்சி, அண்ணன் தம்பி காதில் விழவே கூடாத ஒரு பாட்டை ஆரம்பித்தாள். பத்தொன்பது குரலும் சேர்ந்துகொண்டது.

தொசிவோ இன்ஜினை இன்னும் கொஞ்சம் முறுக்கினான். நாற்பது குதிரையும் கத்தின. அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.